ஒரு சுற்றுப் பெரிய யூதாஸ்

ஜூலை 6, சனி

ஒரு நிமிடத்தில் அச்சடித்துவிடக்கூடிய படத்தை, கண்பார்வை நன்றாக உள்ள பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஊசியால் ஏன் போட வேண்டும்? எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்விகளை வகுப்பில் மாணவிகளிடம் தள்ளிவிட்டுத் தப்பிப்பது என் வழக்கம். இன்று தள்ளிவிட ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு எமிமாளின் டிபன் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். வீடு பூட்டியிருந்தது. அடுத்த தெருவில், ஹெப்சிபா அக்கா வீட்டில், சபைப் பெண்களின் தையல் சங்கம் நடக்கிறது, அங்கே போயிருக்கிறாள் என்றார்கள். பாத்திரத்தோடு அங்கே போனேன்.

ஹெப்சிபா அக்கா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் வருவதைப் பார்த்தால் பாளையங்கோட்டையில் இன்றும் பெரிய ஆண்கள் பீடியை மறைக்கிறார்கள்.

"ஏட்டி பியூலா, வாசல்ல நின்னு என்ன கணக்கு போடுத? உள்ள வா."

நாற்பத்தெட்டு வயதில், புள்ளியியல் துறைத் தலைவியான என்னை யாரும் 'ஏட்டி' என்று கூப்பிடுவதில்லை. கல்லூரியில் மேடம், காய்கறிக் கடையில் டீச்சரம்மா. இதை ஒரு சமூகவியல் தகவலாக மட்டுமே குறித்து வைக்கிறேன்.

விஷயம் இதுதான். நவம்பரில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், வீட்டுக்கு வீடு விளைந்ததையும் செய்ததையும் கொண்டுவந்து ஆலய வளாகத்தில் ஏலம் விடுவார்கள். போன வருடம் தையல் சங்கம் பூப்போட்ட தலையணை உறைகள் கொடுத்தது. யாரும் கேட்கவில்லை. ஏலம் விட்டவர் அவற்றை ஒரு பூசணிக்காயோடு சேர்த்துத் தள்ளிவிட்டார்.

"பூசணிக்காய்க்கு இனாமா!" என்றார் ஹெப்சிபா அக்கா. எட்டு மாதமாகியும் ஆறவில்லை. "இந்தத் தடவ எவனும் வாய் தெறக்கப்படாது. கடைசி இராப்போஜனம். கிராஸ் ஸ்டிட்ச்ல. நாலு பேரு நாலு துண்டாப் போட்டு ஒண்ணாச் சேக்கோம்."

நாலாவது ஆள் மகளின் பிரசவத்துக்கு ஓசூர் போய்விட்டாள். மூவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஊசி பிடிக்கத் தெரியாது என்றேன்.

"கட்டம் எண்ணத் தெரியுமா?" என்றாள் ரெஜினா. வங்கியில் வேலை, எங்களில் இளையவள்.

"தெரியும்."

"அவ்வளவுதான்க்கா."

ஆண்டவரையும் இந்தப் பக்கம் மூன்று சீடரையும் ஹெப்சிபா அக்கா எடுத்துக்கொண்டார். வலது ஓரம் ரெஜினா, இடது ஓரம் எமிமாள். ஆண்டவருக்கு அந்தப் பக்கம் அந்திரேயா, பேதுரு, யூதாஸ் இருக்கும் துண்டு மட்டும் மேசையில் கிடந்தது. போன வாரம் முழுக்க அதை யாரும் தொடவில்லையாம்.

"காட்டிக்குடுத்த யூதாச என் கையால போடமாட்டேன்" என்றாள் எமிமாள். "எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைய இருக்கு."

"பியூலா போடட்டும்" என்றார் ஹெப்சிபா அக்கா. "கோயிலுக்கே எப்பவாவதுதான் வாரா. அவனுக்கும் இவளுக்கும் ஒத்துப்போகும்."

பாத்திரத்தை மறந்து திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

ஜூலை 13, சனி

பாத்திரத்தைக் கொடுக்கப் போனேன். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

ஜூலை 20, சனி

இதில் கலை எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மேட்டித் துணி என்று ஒன்று. சல்லடைபோல் வரிசையாக ஓட்டைகள். கையில் கட்டம் போட்ட தாள். தாளில் ஒரு கட்டத்துக்குத் துணியில் ஒரு பெருக்கல் குறி. யாரும் செய்யலாம்.

அந்திரேயாவின் தலைமுடியை முடித்து ரெஜினாவிடம் காட்டினேன். "அக்கா, எல்லாப் பெருக்கல் குறியிலயும் மேல வர்ற கால் ஒரே பக்கமா சாயணும். உங்களுக்கு இஷ்டத்துக்குச் சாஞ்சிருக்கு. பாருங்க, முடி கலைஞ்சு கெடக்கு."

காற்றடித்தது என்று வைத்துக்கொள்ளலாமே என்றேன். வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்றாள்.

பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டாவது முறை அது முடியாகவே இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். இரவுச் சாப்பாட்டை ஒன்பதரைக்குச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

காலையில் துணி மேல் காப்பி கொட்டிவிட்டது. ஹெப்சிபா அக்கா அளந்து, ஓரம் மடித்து அடித்து, கையில் கொடுத்த துணி. சோப்புப் போட்டுத் தேய்த்ததில் கறை பெரிதாகி இலங்கை வரைபடம் போல் ஆகிவிட்டது.

அவரிடம் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆகவே சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சங்கத்துக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆராதனைக்குப் போகாமல் டவுனுக்குப் போய், அந்திரேயாவை முதலிலிருந்து போட மேட்டித் துணி வாங்கினேன். ஆலயக் காரியம்தான் என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும்.

கடைக்காரர் இரண்டு சுருள்களை எடுத்துப் போட்டார். "எது வேணும்க்கா?"

"வெள்ளை."

"ரெண்டும் வெள்ளைதான்."

"அப்படியானால் எதுவானாலும் சரி."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். முடிவெடுப்பதில் தடுமாறாத வாடிக்கையாளர்களை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 17, சனி

சங்கத்தில் எல்லோருக்கும் கண்வலி. ஓட்டை தெரியவில்லை என்று எமிமாள் விளக்கைத் தலைமேல் இழுத்து வைத்துக்கொள்கிறாள். ரெஜினா பூதக்கண்ணாடி வாங்கியிருக்கிறாள். எனக்கு ஓட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. போன மாதம் மாற்றிய கண்ணாடி நல்ல கண்ணாடி. அந்த மருத்துவரின் முகவரியை மூவருக்கும் கொடுத்தேன்.

வேலையில் பாதியைக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. வளையத்தில் மாட்டிய பகுதி தவிர மீதியைச் சுருட்டிப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன்.

"பெரிய தங்கச் சுருளு" என்றாள் எமிமாள்.

செப்டம்பர் 7, சனி

பேதுரு முடிந்தார். மறுபடியும் பழுப்பு நூல் தீர்ந்துவிட்டது. ரெஜினாதான் எல்லோருக்கும் நூல் பிரித்துத் தருகிறாள்.

"அக்கா, நூலை என்ன தின்னுதீங்களா? எமிமாக்காவும் மூணு பேருதான் போடுதாங்க. அவங்களுக்கு மிச்சமே இருக்கு."

நான் நூலை இழுத்துக் கட்டாமல் தளர்வாகப் போடுகிறேன், அதனால் இருக்கலாம் என்றேன். ஆளுக்கு ஆள் இப்படி வேறுபாடு இருப்பது இயல்பு. இதற்கு எங்கள் துறையில் சூத்திரமே இருக்கிறது. அவளுக்கு விளக்கினேன். எமிமாள் எழுந்து போய் முறுக்கு எடுத்து வந்தாள்.

செப்டம்பர் 21, சனி

யூதாசைத் தொடங்கிவிட்டேன்.

செப்டம்பர் 28, சனி

யூதாசின் மூக்கு.

அக்டோபர் 5, சனி

வாரம் முழுவதும் விடைத்தாள் திருத்தும் வேலை. இருந்தும் யூதாசின் முகத்தை முடித்தேன். எல்லோரும் ஆண்டவர் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவன் மட்டும் ஒன்றும் பேசாமல், ரொட்டியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறான். துறைத் தலைவர்கள் கூட்டத்தில் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

தாளில் அவன் புருவம் நெரித்தபடி இருந்தது. இரண்டு கட்டம் தள்ளிப் போட்டுச் சற்றுத் தளர்த்திவிட்டேன். யாருக்கும் தெரியப்போவதில்லை.

சங்கத்தில் ஹெப்சிபா அக்கா, "ஏட்டி, நீ வந்த பெறவுதான் இந்த எமிமா வாயைக் கொறச்சிருக்கா" என்றார். அது உண்மையல்ல. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 19, சனி

கல்லூரியில் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைக்கலாமா என்று முதல்வர் கேட்டார். சனிக்கிழமைகளில் எனக்கு முக்கியமான வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்றார். தனிப்பட்ட ஆய்வு என்றேன்.

நவம்பர் 8, வெள்ளி

முடிந்தது. சலவை செய்து, பின்பக்கமாக இஸ்திரி போட்டுவிட்டேன். சீடர்கள் மூவரும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார்கள்.

நாளை நான்கு துண்டுகளையும் சேர்க்கிறோம். புதுச் சேலைக்கு இஸ்திரி போட்டேன். எப்படியும் இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது.

நவம்பர் 9, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஹெப்சிபா அக்காவின் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மேலே வெள்ளை வேட்டி விரித்திருந்தார்கள். முதலில் ஆண்டவர். இந்தப் பக்கம் ரெஜினாவின் துண்டு. மேசை விளிம்பு கோடு பிசகாமல் சேர்ந்தது. அந்த ஓரத்தில் எமிமாளுடையது. நடுவில் இடம் விட்டிருந்தார்கள். நான் சுருளைப் பிரித்து வைத்தேன். அந்த இடத்தில் அடங்கவில்லை.

அந்திரேயாவின் முழங்கை எமிமாளின் சீடர் ஒருவரின் முகத்தில் ஏறி உட்கார்ந்தது. மேசை ஒரு படி கீழே இறங்கியது. ரொட்டிகள் தோசைக்கல் அளவு இருந்தன. ஆண்டவருக்குப் பக்கத்தில், அவரைவிட ஒரு தலை உயரமாக, அகன்ற தோள்களோடு, தளர்ந்த புருவத்தோடு, யூதாஸ்.

எமிமாள் சொன்னாள்: "நல்லா சாப்ட்ருக்கான்."

ரெஜினா குனிந்து இரண்டு துணிகளிலும் ஓட்டைகளை எண்ணினாள். "அக்கா, இது பெரிய ஓட்டை மேட்டி. வேற துணி. சின்னப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல குடுப்பாங்களே, அது."

மேட்டித் துணியில் ஓட்டை அளவுகள் பல உண்டு என்பது எனக்கு இன்றுதான் தெரியும். கட்டங்களை நான் ஒன்றுகூடத் தவறாக எண்ணவில்லை. இது முக்கியம் என்று நினைக்கிறேன். வேறு யாரும் நினைக்கவில்லை.

"நான் குடுத்த துணி எங்க?" என்றார் ஹெப்சிபா அக்கா.

நான் முதலில் காட்சிக் கோணம் பற்றிப் பேசிப் பார்த்தேன். பார்ப்பவருக்கு அருகில் இருப்பவர் பெரிதாகவும் தள்ளி இருப்பவர் சிறிதாகவும் தெரிவது ஓவியத்தில் வழக்கமே என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல இருக்காங்க. யூதாசு கிட்டக்க இருக்கான்னா, ஆண்டவரு எங்க இருக்காரு? தூத்துக்குடியிலயா?"

அதற்குப் பிறகு காப்பியைப் பற்றிச் சொன்னேன்.

"ஆகஸ்டுல கொட்டுச்சா? ஆகஸ்டுலேருந்து வாரந்தவறாம எங்கூட உக்காந்து முறுக்கு தின்னுகிட்டு, இத சொல்லாம இருந்தியா? சொன்னா உன்னைய பெஞ்சு மேலயா ஏத்திருப்பேன்?"

"ஏத்திருப்பீங்க" என்றாள் எமிமாள்.

"நீ வாய மூடு."

மறுபடி போட்டுத் தருகிறேன் என்றேன். பண்டிகைக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தத் துண்டை விட்டுவிடலாம் என்று ரெஜினா சொன்னாள். மூன்று சீடர்கள் குறையுமே என்றாள் எமிமாள்.

"லீவ் போட்டிருக்காங்கன்னு சொல்லிக்கலாம்" என்றாள் ரெஜினா.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. வேறு நேரமாக இருந்தால் ஹெப்சிபா அக்காவுக்கும் வந்திருக்கும்.

கடைசியில் அவர் வேட்டியை மடித்தபடி சொன்னார்: "கோயில்ல அறிவிச்சாச்சு. இப்படியே சேத்துத் தைங்க. நடக்கது நடக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "டாக்டர் பியூலா, நீங்க ரொம்ப உதவி செஞ்சிட்டீங்க. காலேஜ் வேல நெறைய இருக்கும். இனிமே சிரமப்பட வேண்டாம்."

நீங்க. டாக்டர் பியூலா.

மாலையில் பேராசிரியர்களுக்கான ஒரு நூலைப் படித்தேன். நல்ல நூல்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆலயத்துக்குப் போனேன். ஹெப்சிபா அக்கா முன்வரிசையில் இருந்தார். திரும்பவில்லை.

நவம்பர் 16, சனி

சனிக்கிழமை ஓய்வாக இருப்பது நல்லதுதான். அலமாரியை ஒழுங்கு செய்தேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மறுபடி கலைத்து ஒழுங்கு செய்தேன்.

எமிமாள் சுவருக்கு மேலே தலை நீட்டினாள். "சேத்துத் தச்சாச்சு. மேசையில படி வந்த எடத்துல பச்சை நூல்ல செடி வச்சு மறச்சிட்டோம். யூதாசு மாத்திரம் மறைய மாட்டேங்கான்."

"அக்கா ஏதாவது சொன்னாரா?"

"என்னத்த சொல்லுதது. உன் நாற்காலிய யாரும் எடுக்கப்படாதுன்னாவ. ஆனா உன் பேரச் சொன்னா முறைக்காவ. நீயே போயேன்."

கூப்பிடாத இடத்துக்குப் போகும் பழக்கம் எனக்கில்லை என்றேன். டிபன் பாத்திரம் எதையாவது எடுத்துக்கொண்டு போ என்றாள்.

நவம்பர் 24, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. கூட்டம், பந்தல், வாழைத்தார், கேக், ஆடு. சபைச் செயலர் ஜெயசிங் மைக்கைப் பிடித்திருந்தார். ஏலத்தில் சேவல் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பாடகர் குழுவுக்குள் புகுந்தது. ஆல்டோ பாடும் பெண்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். சேவல் நல்ல விலைக்குப் போனது.

பிறகு கடைசி இராப்போஜனம். இரண்டு வாலிபர்கள் சட்டத்தோடு தூக்கிக் காட்டினார்கள். நான் கடைசி வரிசையில், கம்பத்துக்குப் பின்னால் இருந்தேன். அங்கிருந்துகூட யூதாஸ் நன்றாகத் தெரிந்தான். சொல்லப்போனால், அங்கிருந்து அவன் மட்டும்தான் தெரிந்தான்.

"நம்ம தையல் சங்கப் பெண்களின் கைவேலை! யார் கேக்கீங்க?"

யாரும் கேட்கவில்லை. "யாருல அது, ஆண்டவரு பக்கத்துல பயில்வான்?" என்று ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டார். வீட்டில் யூதாசையா மாட்டுவது என்று ஒரு அம்மா சொன்னது நான்கு வரிசை கடந்து எனக்குக் கேட்டது. முன்வரிசையில் ஹெப்சிபா அக்காவின் முதுகு நேராக இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு பூசணிக்காய் காத்திருந்தது. ஜெயசிங் அதைப் பார்ப்பதை நான் பார்த்தேன்.

அப்போது புரோட்டாக் கடை செல்வின் கை தூக்கினார். சிறிய தொகை. "கடைல மாட்டுதேன். யூதாசப் பாத்தாலே நம்ம கடைல சாப்ட்டவன்னு தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை உயர்த்தியிருந்தேன். தொகையைச் சொன்னது என் குரல்தான்.

உடனே முன்வரிசையிலிருந்து ஒரு கை இன்னும் அதிகமாகக் கேட்டது. செல்வின் உட்கார்ந்துவிட்டார். நான் கூட்டினேன். முன்வரிசை கூட்டியது. ஜெயசிங்குக்குப் புதிய உயிர் வந்தது. "ஒரு தரம்! பின்னாடி கம்பத்துப் பக்கம், அக்கா கேக்காங்க!"

ஹெப்சிபா அக்கா திரும்பினார். கம்பத்துக்குப் பின்னால் யார் என்று எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி! கையக் கீழ போடுட்டி!"

பந்தல் முழுக்கக் கேட்டது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இத்தகைய நிலையில் தொகையைக் கூட்டுவது பகுத்தறிவுக்கு முரணானது. கூட்டினேன்.

"கிறுக்கு பிடிச்சிருக்காட்டி உனக்கு? படிச்சவதான நீ?"

மறுபடியும் கூட்டினேன்.

"பாளையங்கோட்டையில இவளப்போல ஒருத்தி உண்டா? சொல்லச் சொல்ல ஏத்துதா பாரு! ஏட்டி, நான் வாங்கிக்கிடுதேன்னு சொல்லுதேம்லா!"

இன்னும் இரண்டு முறை கையைத் தூக்கினேன். இரண்டு முறையும் திட்டினார். மூன்றாவது முறைக்கு வாயைத் திறந்தபோது போதகர் மேடையிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார்; ஆலயக் கூரை வேலைக்கு இதுவே போதும் என்றார். விட்டுக்கொடுத்தேன். படம் ஹெப்சிபா அக்காவுக்கு. இந்த வருட ஏலத்திலேயே அதிக விலை போன பொருள் அதுதான், சேவலையும் ஆட்டையும்விட.

அதற்குள் எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். கூட்டத்தில் அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அவர் அந்தப் படத்தை என்ன செய்வார்? பிரித்து, என் துண்டை வெட்டி எடுத்துவிடுவார் என்று நினைக்கிறேன். அது அவருடைய உரிமை.

நவம்பர் 25, திங்கள்

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. ஹெப்சிபா அக்கா. அவருக்குப் பின்னால் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி ரெஜினா. எமிமாள் அவள் வீட்டிலிருந்து சுத்தியலோடு வந்தாள். ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள்.

"எங்க வீட்டுல மாட்ட முடியாது" என்றார் ஹெப்சிபா அக்கா, உள்ளே வந்தபடி. "நேத்து ராத்திரி மாட்டிப் பாத்தேன். எங்க வீட்டு மனுஷரு சாப்பிட மாட்டேன்னுட்டாரு. யூதாசு தன் தட்டையே பாக்கான்ங்காரு. உன் வீட்டுலதான் சுவரெல்லாம் சும்மா கெடக்கு."

"அக்கா, நீங்கள் வாங்கிய படம்..."

"நான்தான் வாங்குனேன். அதான் எங்க மாட்டணும்னு நான் சொல்லுதேன். ஆண்டவரப் பாக்கணும்னு தோணுனா சனிக்கிழமை இங்கன வந்து பாத்துக்கிடுதோம். மூணு மணிக்கு வருவோம். காப்பிய நீ எடுத்துட்டு வராண்டாம், எமிமா எடுத்துட்டு வருவா."

ஆணி மூன்று இடங்களில் வளைந்தது. நான்காவது இடத்தில் சுவர்ச் சுண்ணாம்பு ஒரு தட்டளவு உதிர்ந்த பிறகு நின்றது. படம் சற்று வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ரெஜினா தாமதமாக வருவதாக வங்கிக்குச் சொன்னாள். நான் கல்லூரிக்கு விடுப்புச் சொன்னேன். காரணம் கேட்டார்கள், விருந்தினர் என்றேன்.

உப்புமா கிண்டினேன். எமிமாள் தட்டை வாங்கிக்கொண்டு படத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பிறகு எழுந்துபோய்த் தன் கைக்குட்டையை யூதாசின் தலைமேல் குண்டூசியால் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஹெப்சிபா அக்கா ஜெபம் செய்தார். அடுத்த வருடத்துக்கு நோவாவின் பேழை போடலாமா என்று ரெஜினா கேட்டாள். மிருகங்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்காதே, பியூலாவுக்கு வசதி என்றாள் எமிமாள். ஹெப்சிபா அக்காவுக்குச் சிரித்ததில் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. தட்டினேன்.

பதினொரு மணிக்குப் போனார்கள். சுண்ணாம்பைப் பெருக்கி அள்ளினேன். கைக்குட்டையை எடுத்துவிட்டு, மதியத்துக்கு அரிசி களைந்து வைத்தேன்.